68 ஆயிரமா, 1 லட்சத்து 32 ஆயிரமா? கேமிங் லேப்டாப் வாங்கக் குழப்பம்

காலண்டர்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். ஆறு மாதமாக இங்கே மற்றவர்கள் கேட்பதைப் படித்துக்கொண்டே இருக்கிறேன். முதல் தடவையாக நானே கேட்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வயது 31. ஊர் சிவகாசி. ஆஃப்செட் பிரஸ் ஒன்றில் டிசைனர் வேலை. ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் ஆல்பம் தயாராகிவிட வேண்டும் என்பதால் அதற்கு முந்தைய இரண்டு மூன்று மாதம் வேலையை வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு வருவேன். கோரல்டிரா, போட்டோஷாப் இரண்டும்தான். வீட்டில் இருப்பது 2017ல் வாங்கிய சாதா லேப்டாப். போன வாரம் பன்னிரண்டு மாதக் காலண்டர் ஃபைல் ஒன்றைத் திறக்கக் கொடுத்துவிட்டு, டீ போட்டுக் குடித்து, டம்ளரையும் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தேன். அப்போதும் வட்டம் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

வேலை ஒரு சாக்கு. ஆசை என்னவோ கேமுக்குத்தான். காலேஜ் நண்பர்கள் நாலு பேர் ராத்திரி பத்தரைக்கு மேல் வேலோரண்ட் ஆடுகிறார்கள். நான் மட்டும் டிஸ்கார்ட் வாய்ஸ் சாட்டில் உட்கார்ந்து கமெண்டரி கொடுத்துக்கொண்டிருக்கிறேன். ரெட் டெட் 2, சைபர்பங்க் 2077 இரண்டையும் ஒருமுறையாவது முடித்துவிட வேண்டும். ஜிடிஏ 6 வந்தால் அதுவும். பாப்பாவுக்கு இரண்டு வயது, பத்து மணிக்குத் தூங்கிவிடுவாள். அதே அறையில்தான் என் மேசையும்.

சீட்டு எடுத்ததில் 1.4 லட்சம் கையில் இருக்கிறது. மதுரையில் ஒரு கடையில் இரண்டு மாடல் காட்டினார்கள். முதலாவது ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, ரேம் 8, விலை 68,000. அடுத்தது ஆர்டிஎக்ஸ் 5060 8 ஜிபி, ரேம் 16, விலை 1,32,000. இரண்டிலும் 144 ஹெர்ட்ஸ் திரை (வினாடிக்கு 144 படம் காட்டும்), 512 ஜிபி எஸ்எஸ்டி சேமிப்பு. பெரியதை எடுத்தால் ஐந்தாறு வருடத்துக்குக் கவலை இல்லை என்கிறார் கடைக்காரர். 'அந்த வித்தியாசத்துக்குப் பாப்பாவுக்கு வளையல் எடுக்கலாம்' என்கிறார் வீட்டம்மா. இரண்டு பேர் சொல்வதும் நியாயமாகத்தான் படுகிறது. என்ன செய்யலாம்?

லேக்_மன்னன்:

ப்ரோ, கண்ணை மூடிக்கொண்டு 5060. அதில் ஃப்ரேம் ஜெனரேஷன் நாலு மடங்கு. 3050ல் அது கிடையவே கிடையாது. சைபர்பங்க்கை நிஜ வெளிச்சம், நிழல் மாதிரி காட்டும் ரே டிரேசிங் போட்டு ஆடினால்தான் சைபர்பங்க். ஜிடிஏ 6க்கும் அப்போதுதான் தாங்கும். காசு இன்றைக்கு வரும், நாளைக்குப் போகும்.

ஸ்க்ரூடிரைவர்:

லேக் மன்னன் தம்பி, ஜிடிஏ 6ஐ இந்தப் பேச்சில் இழுக்காதே. அதைத் தயாரிக்கும் ராக்ஸ்டார் அறிவித்திருப்பது பிளேஸ்டேஷன் 5க்கும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸுக்கும், அதாவது டிவியில் மாட்டி ஆடும் கன்சோல்களுக்குத்தான். ஜிடிஏ 5 கன்சோலில் 2013ல் வந்தது, கம்ப்யூட்டருக்கு 2015 ஏப்ரலில்தான் வந்து சேர்ந்தது. ரெட் டெட் 2க்கும் ஒரு வருட இடைவெளி. கல்யாணமே நிச்சயமாகாத வீட்டில் பிள்ளைக்குத் தொட்டில் வாங்குகிற கதை இது.

காலண்டர்காரரே, நான் 14 வருடமாக லேப்டாப் சர்வீஸ் செய்கிறேன். கடையில் மினுக்குகிற லேப்டாப் எனக்குத் தெரியாது. இரண்டு வருடம் ஓடி, சூடாகி, என் மேசைக்கு வருகிறதே, அதுதான் தெரியும். அதை வைத்துச் சொல்கிறேன்.

கார்டின் பேரை மட்டும் பார்த்து வாங்காதீர்கள், அதற்கு எத்தனை வாட் மின்சாரம் விட்டிருக்கிறார்கள் என்று கேளுங்கள். 5060 லேப்டாப் கார்டுக்கு அந்தக் கார்டின் கம்பெனியான என்விடியா கொடுத்திருக்கும் அளவு 45லிருந்து 100 வாட் வரை. எவ்வளவு விடுவது என்பது லேப்டாப் செய்கிற கம்பெனி இஷ்டம். ஒல்லியாக, அழகாகச் செய்கிறவன் குறைத்து விடுவான். தடிமனாகச் செய்கிறவன் முழுசாக விடுவான். இரண்டு பெட்டி மேலும் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் ஒன்றுதான். குறைந்த வாட் 5060க்குப் பக்கத்தில், நல்லபடி காற்றோட்டம் உள்ள ஒரு கீழ்ப்படி கார்டே வந்து நின்றுவிடும். கடையில் ஆன் செய்து காட்டச் சொல்லி, என்விடியா கண்ட்ரோல் பேனலில் ஹெல்ப் மெனுவுக்குள் சிஸ்டம் இன்ஃபர்மேஷனைத் திறந்தால் அதிகபட்ச பவர் எவ்வளவு என்று போட்டிருக்கும். கடைப்பையன் முழிப்பான், பரவாயில்லை.

அடுத்தது அந்த நாலு மடங்கு ஃப்ரேம் ஜெனரேஷன் விஷயம். திரையில் ஓடும் நாலு படத்தில் மூன்று, கார்டே கற்பனை செய்து இடையில் சொருகுவது. நிஜமாக வினாடிக்கு 25 படம் (25 எஃப்பிஎஸ்) வருகிற இடத்தில் எண் 100 என்று காட்டும். பார்க்க வழவழப்பாக இருக்கும், மவுஸை அசைத்தால் கை மட்டும் பழைய 25லேயே இழுபடும். ஏற்கெனவே 60 வருகிற மெஷினில் இது நல்ல வசதி. வராத மெஷினுக்குப் பவுடர் பூச்சு. வேலோரண்டுக்கு இதனால் எந்தப் பயனும் இல்லை.

68,000 மெஷினை நான் வேண்டாம் என்பதற்குக் காரணம் கார்டு கிடையாது. வேலோரண்டுக்கு 3050 தாராளம். 8 ஜிபி ரேம்தான் உதைக்கும். அநேகமாக ஒரே குச்சியாகப் போட்டிருப்பார்கள், பாதி பாதையில் வண்டி ஓட்டுவது போல. வேலோரண்ட் மாதிரி பிராசஸரை நம்பி ஓடும் கேமில் அந்த அடி நன்றாகவே தெரியும். உங்கள் காலண்டர் ஃபைலுக்கோ 8 ஜிபி பத்தவே பத்தாது. இன்னொரு குச்சி போட்டுச் சரி செய்யலாம், ஆனால் சரி செய்ய முடியாதது திரை. அந்த விலையில், திரை எவ்வளவு நிறம் காட்டும் என்பதற்குப் பெரும்பாலும் 45 சதவீத என்டிஎஸ்சி என்று எழுதியிருப்பார்கள். எஸ்ஆர்ஜிபி என்கிற இன்னொரு நிறக் கணக்கில் 60 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். நீங்கள் கலர் பார்த்துப் பிழைக்கிற ஆள். முருகன் படத்தில் செந்தூரம் போட்டால் செங்கல் தெரியும். அதை நம்பி இன்னும் கொஞ்சம் சிவப்பைக் கூட்டி பிரஸ்ஸுக்கு அனுப்பினால் அப்புறம் முதலாளியிடம் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். 100 சதவீத எஸ்ஆர்ஜிபி என்று எழுதியிருந்தால் மட்டும் தொடுங்கள்.

ஐந்தாறு வருடம் வரும் என்கிற பேச்சு, விலை எதுவானாலும், பராமரிப்பில் இருக்கிறது. போன மாதம் ஒருவர் ஒன்றரை லட்ச ரூபாய் மெஷினைக் கொண்டுவந்தார், 'கேம் பத்து நிமிடத்தில் திக்குகிறது' என்று. அடி மூடியைக் கழற்றினேன். விசிறிக்கும் செப்புத் தகடுகளுக்கும் நடுவில் தூசி படிந்து, தலையணைப் பஞ்சை அமுக்கி வைத்த மாதிரி ஒரு சாம்பல் பட்டை. ட்வீசரால் ஒரு முனையைப் பிடித்து இழுத்தேன், உரித்த தோல் போல முழுசாக வந்தது. வாங்கியதிலிருந்து திறந்ததே இல்லையாம். மெத்தை மேல் வைத்து ஆடியிருக்கிறார். உங்கள் ஊர் வெயிலுக்கும் தூசிக்கும் வருடம் ஒருமுறை திறந்து சுத்தம் செய்தே ஆக வேண்டும்.

என் யோசனை: இரண்டும் வேண்டாம். நடுவில் 5050 8 ஜிபி கார்டு, 16 ஜிபி ரேம், நல்ல திரையோடு கிடைக்கிறதா என்று பாருங்கள்.

பீளமேடு_பறவை:

ஸ்க்ரூடிரைவர் அண்ணா சொன்னதில் முக்கால்வாசிக்குச் சரி என்பேன். ஆனால் கேட்டவர் சொன்ன ஒரு விஷயத்தை யாருமே கவனிக்கவில்லை. பாப்பா அதே அறையில் தூங்குகிறாள்!

நான் கோயம்புத்தூரில் ஐடி வேலை. எனக்கும் மூன்று வயதில் ஒரு வாண்டு. 2022ல் ஒரு மலிவு கேமிங் லேப்டாப் வாங்கினேன். ஆடுகிற நேரமெல்லாம் முழு மூச்சில் ஓடினால்தான் 60 எஃப்பிஎஸ் வரும், விசிறிச் சத்தம் மாவு மில் மாதிரி. ஹெட்போன் போட்ட எனக்குத் தெரியாது, தூங்குகிறவர்களுக்குத்தான் தெரியும். இரண்டு வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு 4070 கார்டு உள்ள ஒன்றுக்கு மாறினேன். இப்போது அதே கேமை 60 எஃப்பிஎஸ்ஸைத் தாண்டாமல் கட்டிப் போட்டு, சத்தமில்லாத மோடில் ஆடுகிறேன். கார்டு பாதி சக்தியில் சும்மா நடந்துகொண்டிருக்கிறது, விசிறி ஓடுவதே தெரிவதில்லை. காசு கூடப் போட்டதில் எனக்குக் கிடைத்த லாபம் இதுதான். 200 எஃப்பிஎஸ் எல்லாம் நான் பார்த்ததே கிடையாது.

தொந்தரவும் உண்டு. லேப்டாப் இரண்டரைக் கிலோ, அடாப்டர் தனியே ஒரு செங்கல். ஊருக்குப் போகும்போது பையில் வைத்தால் தோள்பட்டை கழன்றுவிடும். வந்த புதிதில் இன்னொரு கூத்து. கூட வந்த ஒயரில் ஏசிக்குப் போடுவது போல 16 ஆம்பியர் பெரிய பின். வாடகை வீட்டில் அந்த பிளக் சமையலறையில் மட்டும்தான் இருக்கிறது. ஒரு வாரம் மிக்ஸிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆடினேன், மாமியார் பார்த்த பார்வை இருக்கிறதே. அப்புறம்தான் கணக்குப் போட்டேன். 230 வாட் அடாப்டர், நம் வீட்டில் 230 வோல்ட், ஆக ஒரு ஆம்பியர் சுற்றுவட்டாரம்தான் இழுக்கும். டெஸ்க்டாப்புக்கு வருகிற சாதாரண 6 ஆம்பியர் ஒயரை வாங்கி மாட்டினேன், பிரச்சினை தீர்ந்தது. ஒயர் மட்டும் தரமானதாக இருக்கட்டும்.

கரண்ட் கட் அடிக்கடி உண்டென்றால் இதையும் யோசியுங்கள். பேட்டரியில் எந்தக் கேமிங் லேப்டாப்பும் முழு வேகத்தில் ஓடாது, கார்டு தானாகவே சுருங்கிக்கொள்ளும். பிளக்கை உருவினால் என்னுடையதும் ஒரு சாதா மெஷின்தான்.

லேக்_மன்னன்:

அக்கா, 4070 வாங்கி 60ல் ஆடுவதா? புல்லட் வாங்கித் தெருமுனைக் கடைக்குத் தயிர் வாங்கப் போவது மாதிரி.

பீளமேடு_பறவை:

தயிர் சிந்தாமல் வீடு வந்து சேருகிறதே தம்பி.

ஸ்க்ரூடிரைவர்:

சத்தம் விஷயம் எனக்குத் தோன்றவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். கட்டிப் போடும் வித்தை 5050க்கும் பொருந்தும். வேலோரண்டை அளவில்லாமல் விட்டால் எந்தக் கார்டும் தேவையில்லாமல் வெந்துகொண்டிருக்கும். திரை 144 ஹெர்ட்ஸ் என்றால் செட்டிங்ஸில் 144 என்று வரம்பு வையுங்கள். ரெட் டெட், சைபர்பங்க் இரண்டுக்கும் 60 போதும். விசிறி தானாக அடங்கும்.

காலண்டர்காரன்:

நேற்று மதுரைக்குப் போய் வாங்கிவிட்டேன். எல்லோருக்கும் நன்றி.

பென்டிரைவில் எங்கள் ஆல்பத்து முருகன் படத்தையே எடுத்துக்கொண்டு போனேன். 68,000 மெஷினில் திறந்தேன். ஸ்க்ரூடிரைவர் அண்ணன் சொன்னது அச்சு அசல். செந்தூரம் வெளிறிப்போய், வேலின் மஞ்சள் பழைய பித்தளையாக நின்றது. பையன் பிரைட்னஸைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தான். வெளிறல் கூடியதுதான் மிச்சம். 1,32,000 மெஷினில் படம் நன்றாகத்தான் இருந்தது. வாட் எவ்வளவு என்று கேட்டதும் கடைக்காரர் 'அதெல்லாம் யாரும் கேட்பதில்லை சார்' என்றார். நானே திறந்து பார்த்தேன், அந்த விலைக்குக் குறைவாகவே விட்டிருக்கிறார்கள். நாலு கடை தள்ளி இன்னொரு இடத்தில் 5050, 16 ஜிபி இரண்டு குச்சியாக, 100 சதவீத எஸ்ஆர்ஜிபி திரை, தடித்த உடம்பு. 96,500. பேங்க் கார்டு ஆஃபரில் இன்னும் மூவாயிரம் குறைந்தது. ஒயரில் சின்ன பின்தான், அதையும் பெட்டியைப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுத்தேன்.

மிச்சத்தை வீட்டம்மாவிடம் கொடுத்துவிட்டேன். வளையலுக்கு இன்னும் கொஞ்சம் சேர வேண்டுமாம்.

ராத்திரி பத்தரைக்கு உட்கார்ந்தேன். வேலோரண்ட் 144ல் கட்டிப் போட்டது. விசிறி, சீலிங் ஃபேன் சத்தத்தை மிஞ்சவில்லை. பாப்பா அசையவே இல்லை. பதினொன்றே காலுக்கு நண்பன் ஒருவன் முதுகுப் பக்கம் எதிரி நிற்பது தெரியாமல் நின்றான். 'டேய், பின்னாடி பார்ரா!' என்று கத்திவிட்டேன். எழுந்தவள் தூங்க மணி ஒன்று.