உயரம் கூட்டும் கால் ஆபரேஷன்: நேரில் பார்த்தவங்க, பண்ணிக்கிட்டவங்க சொல்லுங்க

மெல்லநட:
வயசு 24, உயரம் 160 செ.மீ. எலும்பை வெட்டி ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் நகர்த்துறது, காலுக்கு வெளியே கம்பியால மாட்டுற இலிசரோவ் வளையம், எலும்புக்குள்ள வைக்கிற உள்ளாணி எல்லாம் படிச்சாச்சு. அதை மறுபடி விளக்க வேண்டாம்.

ஆலோசனைக்குப் போயிருந்தேன். எதிர்ல சக்கர நாற்காலியில ஒரு பையன், என் வயசுதான் இருக்கும். ரெண்டு முழங்காலுக்குக் கீழேயும் வளையம், கம்பி தோலுக்குள்ள போற இடத்துல எல்லாம் பஞ்சு. அவங்க அம்மா மணியைப் பார்த்தாங்க, கைப்பையில இருந்து சின்ன ஸ்பேனர் எடுத்தாங்க, குனிஞ்சு ஒவ்வொரு நட்டையும் கால்வாசி சுத்து திருப்பினாங்க. அவன் போனைத் தள்ளிக்கிட்டே இருந்தான். நட்டு திரும்பின நேரம் மட்டும் கட்டைவிரல் நின்னுடுச்சு.

அப்புறம் அவனே கேட்டான், "நீங்க எவ்வளவு?" 160ன்னேன். "நான் 168ல ஆரம்பிச்சேன்"னு சொன்னான்.

நான் போய்ச் சேரணும்னு நினைக்கிறதே 167. அவன் அதுக்கும் மேல இருந்து கிளம்பி வந்திருக்கான். டாக்டர் பேசினதுல பாதி என் காதுல விழவே இல்லை. இன்னும் அதேதான் மண்டைக்குள்ள ஓடுது. யாராவது உங்க அனுபவத்தைச் சொல்லுங்க.

பழையகாயம்:
எனக்கு உயரத்துக்காகப் பண்ணல தம்பி. சின்ன வயசுல விழுந்து, எலும்பு நீளமாகிற இடமான வளர்ச்சித் தட்டுல அடி, ஒரு கால் 4 செ.மீ. குட்டை. பெரியவனான பிறகு வளையம் போட்டாங்க. வலியைப் பத்தி நிறைய பேர் எழுதுவாங்க. எனக்கு மறக்காதது ஒரு எக்ஸ்ரே. வெட்டின எலும்புக்கு நடுவுல வெறும் கறுப்பு. டாக்டர் பேனா முனையை வெச்சு, "இங்க புகை மாதிரி தெரியுதா? அதுதான் புது எலும்பு"ன்னார். எனக்கு ஒண்ணும் தெரியல. தெரியுதுன்னு தலையாட்டிட்டு வெளியே வந்து அம்மாகிட்ட, "என் காலுக்குள்ள ஒண்ணுமே இல்லம்மா"ன்னேன்.

நீட்டுறது சீக்கிரம் முடிஞ்சுடும். அந்தப் புகை கெட்டியாகிற வரைக்கும்தான் பல மாசம். நீட்டுற நாளை மட்டும் கணக்குப் போட்டு வேலைக்கு லீவு சொல்லாதே.

கண்ணாடிவீடு:
பழையகாயம், உங்க கதை வேற, அவர் கேட்கிறது வேற. உங்களுக்கு நோய், அவருக்கு ஆசை. ரெண்டையும் கலந்து பயமுறுத்தாதீங்க.

நான் 162. ஆபீஸ் குரூப் போட்டோவுல ஒருத்தர் தோளைப் பிடிச்சு, "நீங்க முன்னாடி வாங்க"ன்னு நகர்த்தினார். அந்தக் கை பட்டது இன்னும் ஞாபகம் இருக்கு. என் அனுபவம் அவ்வளவுதான், ஆபரேஷன் பண்ணிக்கல.

ஆனா சகோ, சிலது சொல்லியே ஆகணும். கம்பியில தொங்குறது, பவுடர், மாத்திரை எதுவும் இனி உதவாது. வளர்ச்சித் தட்டு மூடினா மூடினதுதான், எக்ஸ்ரேல தெரிஞ்சுடும். உயரத்தைக் காலையிலயும் சாயங்காலமும் அளந்து பாருங்க, முதுகெலும்புத் தட்டு அமுங்கி ஒரு சென்டிமீட்டருக்கு மேலயே குறையும். அவ்வளவு வித்தியாசத்தை யாராவது கவனிச்சாங்களான்னு யோசிங்க. கால் மட்டும்தான் நீளும், கையும் உடம்பும் அப்படியே இருக்கும். உட்கார்ந்தா அதே உயரம். அதனால கையை விரிச்சு அளவு எடுத்து வெச்சுக்கோங்க. சிகரெட் இருந்தா இப்பவே விடுங்க, எலும்பு சேர்றதைத் தாமதப்படுத்தும். கழிவறைக்குப் போகக்கூட ஆள் வேணும், அது யாருன்னு பேர் சொல்லி முடிவு பண்ணுங்க. சீனாவுல 2006லயே அழகுக்காக இதைப் பண்ணக் கூடாதுன்னு தடை போட்டாங்க, ஏன்னு படிங்க. உள்ளே சோல் வெச்ச ஷூவை முதல்ல ஆறு மாசம் போட்டுப் பாருங்க. அப்படியும் வேணும்னா வளையத்துப் பக்கம் போகாதீங்க. இப்போ எலும்புக்குள்ளேயே காந்த ஆணி, வெளியில கருவியை வெச்சா தானா நீளும். பழைய வேதனை எதுவும் கிடையாது.

பழையகாயம்:
ஆசைன்னு நானும் திட்டலையே. எனக்கு இருந்தது நோயும் இல்லை, குட்டைக் கால். இந்த முறையே சைபீரியாவுல குர்கான் ஊர்ல இலிசரோவ்ங்கிற டாக்டர், போர்ல எலும்பு உடைஞ்சு வந்தவங்களைப் பார்த்துப் பார்த்து உருவாக்கினது. 1964 ஒலிம்பிக்ல உயரம் தாண்டுதல் தங்கம் வாங்கின ப்ருமெல், அடுத்த வருஷமே மோட்டார் சைக்கிள் விபத்துல கால் நொறுங்கி, கடைசியில அவர்கிட்ட வந்துதான் மறுபடி தாண்டினார். எதுக்காகப் பண்ணினாலும் வெட்டுறது ஒரே எலும்பைத்தான். அதைத்தான் சொன்னேன்.

குதிகால்பிசியோ:
"பழைய வேதனை எதுவும் கிடையாது" என்பதை யாரும் நம்ப வேண்டாம். நான் பிசியோதெரபிஸ்ட். உள்ளாணி வைத்தால், கம்பித் துளையில் சீழ் பிடிக்கும் தொல்லை இருக்காது, அது பெரிய நிம்மதிதான். ஆனால் எலும்பு நீளும் வேகத்துக்குத் தசையும் நரம்பும் ஈடு கொடுப்பதில்லை. கீழ்க்காலில் உள்ளாணி வைத்த ஒரு பையன், பயிற்சிக்குச் சரியாக வராதவன், ஒருநாள் சுவரைப் பிடித்து நின்றான். "குதிகால் தரையில்தான் இருக்கு"ன்னு சாதித்தான். நான் குனிந்து ஒரு தாளை அடியில் விட்டேன். தடையே இல்லாமல் அந்தப் பக்கம் வந்துவிட்டது. அவன் தாளையே பார்த்தான். எனக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. பின்னால் அவனுக்குக் குதிகால் தசைநாரை வெட்டி நீட்ட வேண்டி வந்தது.

இன்னொன்று. முழு எடையும் தாங்கும், நடந்துகொண்டே நீட்டலாம் என்று வந்த ஸ்ட்ரைட் ஆணி 2021-இல் திரும்பப் பெறப்பட்டது. ஆணியைச் சுற்றி எலும்பில் மாற்றங்கள் தெரிந்ததுதான் காரணம். பழைய விளம்பரத்தைப் பார்த்து யாரும் முடிவெடுக்காதீர்கள்.

நீலக்குடை:
நான் பிறவியிலேயே குள்ளம், அகோண்ட்ரோபிளேசியா. பள்ளிக்கூட வயசுல ரெண்டு காலும், பிறகு மேற்கை எலும்பும் நீட்டினாங்க. எல்லாரும் காலைப் பத்தித்தான் கேட்பாங்க. எனக்கு நினைவுல நிக்கிறது, பின்னந்தலைக்குக் கை எட்டி முதல்தடவை நானே பின்னல் போட்டது. கோணலா வந்தது. அவிழ்க்க விடவே இல்லை, அப்படியே பள்ளிக்கூடம் போனேன்.

உயரம் வேணும்னு கேட்கிற யாரையும் நான் குறைவா நினைக்க மாட்டேன். ஆனா "அவங்களுக்கு 15 செ.மீ. நீட்டினாங்களே, எனக்கு 10 முடியாதா"ன்னு எங்களைக் காட்டிப் பேசாதீங்க. எங்க உடம்புல தசையும் தோலும் எலும்பை விடத் தாராளம், இடம் கொடுக்கும். உங்களுக்கு அப்படி இல்லை.

ஏழாம்படி:
மெல்லநட, உங்க 168 பையன் கதையைப் படிச்சுட்டுத்தான் எழுதுறேன். நான் அழகுக்காகவே பண்ணிக்கிட்டவன், தொடையில ஆணி. இலக்கு 5 செ.மீ.ன்னு நானே எழுதிக் கொடுத்தேன். அதைத் தாண்டியாச்சு. ஒருநாள் டாக்டர் என் முழங்காலை மடக்கிப் பார்த்துட்டு, "இதோட நிறுத்திடுவோம்"னார். நான் கையைக் கூப்பினேன். இன்னும் ஒரு சென்டிமீட்டர், ஒண்ணே ஒண்ணுன்னு. அவர் அசையல, காந்தக் கருவியைத் திரும்ப வாங்கி வெச்சுக்கிட்டார். வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் அந்த மனுஷன் மேல அப்படி ஒரு கோபம். கேட்ட உயரம் கையில இருக்கு, ஆனா எதையோ பிடுங்கிட்ட மாதிரி அழுதேன்.

பண்ணிக்கிட்டதுல வருத்தம் இல்லை, நிஜமாவே சந்தோஷம்தான். நடக்கிறேன், மாடி ஏறுறேன். முன்ன மாதிரி ஓட வரல, குத்த வெச்சு உட்கார்றது கஷ்டம். ஆனா அன்னிக்கு அவர் சரின்னு சொல்லியிருந்தா நான் எங்க நிறுத்தியிருப்பேன்னு தெரியல.

மெல்லநட:
எல்லாருக்கும் நன்றி. டாக்டர் மனநல ஆலோசகரைப் பார்த்துட்டு வரச் சொல்லி எழுதிக் கொடுத்தார். என்னைப் பைத்தியம்னு நினைச்சுட்டாரோன்னு அன்னிக்குக் கோபமா கிளம்பி வந்துட்டேன். ஏழாம்படி எழுதினதைப் படிச்ச பிறகு நேரம் வாங்கியிருக்கேன். பிசியோ, ஒரு கேள்வி: முடிவு எடுக்கிறதுக்கு முன்னாடியே கெண்டைக்கால் பயிற்சி ஆரம்பிக்கலாமா?

குதிகால்பிசியோ:
தாராளமாக. கெண்டைக்கால், தொடையின் முன்தசை, பின்தசை மூன்றையும் தினம் நீட்டிப் பழகுங்கள். முழங்கால் எவ்வளவு மடங்குகிறது, கணுக்கால் எவ்வளவு மேலே வருகிறது என்று இப்போதே அளந்து எழுதி வையுங்கள். ஆபரேஷன் பண்ணிக்கொள்ளாவிட்டாலும் அந்தப் பயிற்சி வீண்போகாது. அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது, எந்த நிலை வந்தால் அவர் நடுவிலேயே நிறுத்துவார் என்பதைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.