எபிசைக்கிளுக்கு ‘மேல்வட்டம்’ வேண்டாம், ‘ஊர்வட்டம்’ எப்படி?

அனைவருக்கும் வணக்கம்.

டாலமியின் புவிமையக் கொள்கை பற்றிய கட்டுரையில் எபிசைக்கிளுக்கு ‘மேல்வட்டம்’ என்று போடலாம் என நண்பர் எழுதியிருந்தார். கிரேக்கத்தில் ‘எபி’ என்றால் மேல், சொல்லுக்குச் சொல் சரிதான். ஆனால் தமிழில் படிக்கிறவருக்கு ஒரு வட்டத்துக்கு மேலே மாடி கட்டியது போல இன்னொரு வட்டம் இருப்பதாகத்தான் தோன்றும். டாலமி சொன்னது வேறு. பூமியைச் சூழ்ந்து ஒரு பெரிய வட்டம், அதன் விளிம்பு வழியே ஒரு சின்ன வட்டத்தின் மையம் நகர்ந்துகொண்டே போகிறது, கோள் அந்தச் சின்ன வட்டத்தில் சுற்றுகிறது. அந்தச் சின்ன வட்டம்தான் எபிசைக்கிள்.

போன வாரம் மொட்டை மாடியில் இதைச் செய்து பார்த்தோம். மகளை நடுவில் உட்காரவைத்து, ஒரு சின்ன டார்ச்சைக் கயிற்றில் கட்டித் தலைக்கு மேல் வேகமாகச் சுழற்றிக்கொண்டே அவளைச் சுற்றி நடந்தேன், நடப்பதும் சுழற்றுவதும் ஒரே திசையில். “அப்பா, லைட்டு முன்னாடி போயிட்டுத் திரும்பி வருது, வரும்போது பக்கத்துல பெருசா தெரியுது” என்றாள். செவ்வாய் செய்வதும் இதுதான்! சுமார் 26 மாதத்துக்கு ஒருமுறை அது விண்மீன்களுக்கிடையே பின்னோக்கி நகர்கிறது, அப்போதுதான் மிகப் பிரகாசமாகவும் இருக்கிறது. பஞ்சாங்கம் வக்ரம் என்று சொல்வது இந்த நகர்வைத்தான். பூமியை அசைக்காமலே இரண்டுக்கும் ஒரே அமைப்பில் விளக்கம் சொன்னது எவ்வளவு பெரிய காரியம்!

அதனால் என் பரிந்துரை: சுமந்து செல்லும் பெரிய வட்டமான டெஃபரென்ட்டுக்கு ‘ஏந்துவட்டம்’, அதன்மேல் ஏறிப் போகிற சின்ன வட்டத்துக்கு ‘ஊர்வட்டம்’. ஊர்தி, ஊர்வன எல்லாம் பள்ளிப் பிள்ளைகளுக்கே தெரிந்த சொற்கள். தனியாகப் பார்த்தால் ஊர், தாலுகா என்று நினைவு ஓடும், ஒத்துக்கொள்கிறேன். ஏந்துவட்டத்தோடு சேர்த்து எழுதும்போது அந்தக் குழப்பம் வராது. ‘சிறுவட்டம்’ எளிமையாக இருந்தாலும் கோள வடிவியலில் பெருவட்டம், சிறுவட்டம் இரண்டுக்கும் வேறு பொருள் இருக்கிறது. வடமொழி நூல்களின் ‘நீசோச்ச விருத்தம்’ பழைய சொல், மதிப்பு உண்டு, ஆனால் இன்று நீசம் உச்சம் என்றாலே ஜாதகக் கட்டம்தான் கண்முன் வரும்.

தவறென்று ஆகிவிட்ட கொள்கைக்கு எதற்குப் புதுச்சொல் என்ற கேள்விக்கும் பதில் சொல்லவேண்டும். இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் டாலமி எழுதியது 1,400 ஆண்டுகள் நின்றது. 1543இல் சூரியனை நடுவில் வைத்த கோப்பர்நிக்கசும் சின்ன வட்டங்களைக் கைவிடவில்லை. 1609இல் கெப்ளர் கோள்களின் பாதையாக நீள்வட்டத்தைக் கொண்டுவந்த பிறகுதான் அவற்றுக்கு வேலையில்லாமல் போனது. அவர் எதைக் கைவிட்டார் என்பதைத் தமிழில் சொல்ல நமக்குச் சொல் இல்லையென்றால் அந்த வரலாற்றில் பாதி ஓட்டையாகிவிடும்.

அப்புறம் ஈக்வன்ட் பாக்கி இருக்கிறது. ஊர்வட்டத்தின் மையம் எந்தப் புள்ளியிலிருந்து பார்த்தால் சீரான கோண வேகத்தில் போகிறதோ, அந்தப் புள்ளி. அது பூமியும் இல்லை, ஏந்துவட்டத்தின் மையமும் இல்லை. ‘சமன்புள்ளி’ என்றால் இயற்பியலின் சமநிலைப் புள்ளியோடு மோதும். ‘சீர்ப்புள்ளி’ என்று வைக்கலாமா? மாற்று இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், கட்டுரையில் சேர்த்துவிடுகிறேன்.