பூப்பாத்தியில் வெள்ளைப் புழு, எருக்குவியலிலும் புழு: இரண்டும் ஒன்றா?

கேள்வி:
வணக்கம். எங்கள் வீடு சுங்கை சிப்புட் பக்கம், சுற்றிலும் செம்பனைத் தோட்டம். வாசல் பாத்தியில் துலுக்கச் சாமந்தி தண்ணீர் ஊற்றியும் வாடுகிறது, லேசாக இழுத்தாலே கையோடு வந்துவிடுகிறது, அடியில் வேரே இல்லை. கிளறினால் வளைந்து சுருண்ட வெள்ளைப் புழு, தலை மட்டும் பழுப்பு. வீட்டுப் பின்னால் இருக்கும் எருக்குவியலிலும் இதே மாதிரி புழு, ஆனால் கட்டைவிரல் பருமன். கடையில் குருணை மருந்து போடச் சொல்கிறார்கள், பிள்ளைகள் விளையாடும் இடமாச்சே என்று யோசிக்கிறேன்.

பதில் 1:
ஒன்றில்லை அக்கா. எருவில் இருக்கும் பெரியது காண்டாமிருக வண்டின் புழுவாக இருக்கும். அது மட்கிய சாணம், அழுகிய செம்பனைத் தண்டு இதையெல்லாம்தான் தின்னும், உயிர் வேரைத் தேடாது. அதற்காக விட்டுவைக்காதீர்கள், வண்டாகிப் பறந்தால் தென்னைக்கும் செம்பனைக்கும் குருத்தைத் துளைக்கும், புது மட்டை விரியும்போது கத்தரிக்கோலால் வெட்டியது மாதிரி முக்கோணமாக அறுந்திருக்கும், பார்த்திருப்பீர்கள். சாமந்தி வேரைத் தின்பது வேறு, இரவில் விளக்கைச் சுற்றும் சின்னப் பழுப்பு வண்டின் புழு. இன்னொரு வகையும் உண்டு: காகித அட்டைமேல் விட்டால் மல்லாந்து முதுகாலேயே ஊர்ந்து போகும். அது பூவண்டுப் புழு, மட்கிய குப்பையைத் தின்று எருவாக்கும். தயவுசெய்து அதைக் கொல்லாதீர்கள்.

பதில் 2:
மருந்துக்கு முன்னால் மண்வெட்டி. வாடிய செடியைச் சுற்றி ஒரு சாண் ஆழம் கிளறுங்கள், பக்கத்துச் செடியடியையும் பாருங்கள், அது இன்னும் வாடாமல் இருந்தாலும். பொறுக்கியதைக் கோழிக்குப் போடலாம், கிளறிய மண்ணை அப்படியே விட்டால் மைனாவே வந்து கொத்தும். எருக்குவியலை அடிவரை புரட்டிப் பொறுக்கிவிட்டு, வண்டு வந்து முட்டையிடாதபடி கண் சிறிய வலையால் மூடுங்கள். மட்காத சாணத்தைப் பாத்தியில் போடவே வேண்டாம்.

பதில் 3:
இங்கே செம்பனைத் தோட்டங்களில் காண்டாமிருக வண்டுக்கு மெட்டாரைசியம் என்ற பூஞ்சணத்தைப் பயன்படுத்துகிறார்கள், எருக்குவியலுக்கு அதுவே ஏற்றது. வெயில் பட்டால் வீரியம் போய்விடும், அதனால் சாயங்காலம், ஈரமான எருவில் கலந்துவிடுங்கள். செத்த புழு விறைத்து, முதலில் வெள்ளையாகி அப்புறம் பச்சையாகப் பூத்திருக்கும், பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒரே ராத்திரியில் சாகாது, வாரக்கணக்கில் ஆகும். குருணை மருந்து மண்புழுவையும் கொல்லக்கூடும், பிள்ளைகள் மண்ணில் கை வைக்கும் இடத்துக்கு அது வேண்டவே வேண்டாம்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. அட்டையில் விட்டுப் பார்த்தேன், பாத்திப் புழு ஒருக்களித்தே கிடக்கிறது, மல்லாந்து ஊரவில்லை. அதே இடத்தில் உடனே சாமந்தி நடலாமா?

பதில் 2:
கொஞ்சம் பொறுங்கள் அக்கா. பாத்தியை வெறுமையாகவே வைத்து மறுபடி மறுபடி கிளறுங்கள், புழு கண்ணில் படாமல் போன பிறகு நடுங்கள். அதுவரை நாற்று தொட்டியிலேயே இருக்கட்டும்.