புதுப்பிப்பு: காரின் விக்கல் நின்றது

போன மாதம் எழுதியிருந்தேனே, அக்சிலேட்டரை மிதித்தால் மூச்சடைத்து, தடுமாறித் தடுமாறி எழும்பும் என் பழைய காபரேட்டர் (பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் பாகம்) காரைப் பற்றி. பிளக்கையும் பெற்றோல் பில்டரையும் மாற்றச் சொன்னீர்கள். மாற்றினேன். காசு போனது, விக்கல் போகவில்லை.

ஞாயிறு காலை திருகோணமலை உப்புவெளியில் ஒரு வயதான மெக்கானிக் அண்ணையிடம் கொண்டுபோனேன். எயர் கிளீனர் மூடியை மட்டும் எடுத்தார். எஞ்சினை நிறுத்திவிட்டு, "தம்பி, உள்ளே பாரும்" என்று திரொட்டிலை, அதாவது அக்சிலேட்டரை மிதித்தால் திறக்கும் காற்றுத் தகட்டை, தள்ளினார். மெல்லிய கம்பிபோலப் பெற்றோல் பீச்ச வேண்டுமாம். இங்கே இரண்டு சொட்டு வடிந்தது, அவ்வளவுதான். மிதித்ததும் கூடுதல் பெற்றோலைப் பீச்சும் அக்சிலேட்டர் பம்பின் டயபிரம் (மெல்லிய சவ்வு) காய்ந்த இலைபோல வெடித்திருந்தது. மிதித்ததும் காற்று முந்துகிறது, பெற்றோல் பிந்துகிறது. விக்கல் அங்கிருந்துதான்.

அதை மாற்றியும் நிலாவெளி வீதியில் இழுவை போதவில்லை. அப்புறம் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ரிபியூட்டருக்குப் போகும் வாக்குவம் (உறிஞ்சு) குழாயை வாயால் உறிஞ்சிப் பார்த்தார். இறுகிப் பிடிக்க வேண்டியது, காற்று சும்மா வந்துகொண்டிருந்தது. அந்த உறிஞ்சலால் ஸ்பார்க்கை முந்தவைக்கும் டயபிரமும் போய்விட்டது. பாதி மிதியில் ஸ்பார்க் முந்தாவிட்டால் எஞ்சின் சோம்பத்தானே செய்யும்? டிஸ்ரிபியூட்டர் மூடிக்குள் பச்சைக் களிம்பு வேறு பூத்திருந்தது. கடற்கரையில் நிறுத்தினால் உப்புக்காற்று சும்மா விடுமா!

அந்த டயபிரம் உள்ள யூனிட், பாவித்தது ஒன்று கிடைத்தது. பொருத்தி, டைமிங்கும் (ஸ்பார்க் விழும் நேரம்) சரிபார்த்தாயிற்று. நேற்று நாலு பேரை ஏற்றிக்கொண்டு கந்தளாய்வரை போய்வந்தேன், ஒரு தடுமாற்றமும் இல்லை.

பில்டர் மாற்றியதும் வீணில்லை. பழையதைக் கவிழ்த்துத் தட்டியபோது துருத்தூள் கொட்டியது. அடுத்தது பெற்றோல் டாங்கியைக் கழற்ற வேண்டும்.