மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்: சிகிச்சையின் தரத்தை எதைக் கொண்டு அளப்பது?

கேள்வி (கடலூர், திருப்பாதிரிப்புலியூர்):
மூளையையும் தண்டுவடத்தையும் தாக்கும் நரம்பு நோயான மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (தண்டுவட மரப்பு நோய்) என் தங்கைக்கு இருப்பதால், புதுச்சேரிக்கு அடிக்கடி அழைத்துச் செல்கிறேன். ஒரு மருத்துவமனையின் சேவை தரமானதா என்பதை நோயாளியின் குடும்பத்தினர் எவ்வாறு மதிப்பிடுவது?

மறுமொழி 1 (முதலியார்பேட்டை):
மருத்துவச் சேவையின் தரத்தை ஆராய்ந்த மருத்துவர் அவேடிஸ் டொனபீடியன் 1966-இல் வகுத்த கட்டமைப்பு, செயல்முறை, விளைவு என்னும் மூன்று கோணங்கள் இன்றும் பயன்படுகின்றன. எம்.ஆர்.ஐ. கருவி இருப்பது கட்டமைப்பு மட்டுமே. முதல் அறிகுறி தோன்றியதிலிருந்து நோய் உறுதியாகி மருந்து தொடங்கும் வரை எத்தனை நாட்கள் கழிந்தன என்பதே, என் கருத்தில், முதலில் கேட்க வேண்டிய செயல்முறைக் கேள்வி.

மறுமொழி 2 (இயன்முறை மருத்துவர், புதுச்சேரி):
விளைவை அளக்க, நரம்பியல் மருத்துவர் குர்ட்ஸ்கே 1983-இல் வெளியிட்ட இ.டி.எஸ்.எஸ். என்னும் இயலாமை அளவுகோல் உள்ளது. 0 முதல் 10 வரை செல்லும் அதில் 6 என்பது, ஏறத்தாழ 100 மீட்டர் நடக்க ஊன்றுகோல் தேவைப்படும் நிலை. ஆனால் அது நடையையே பெரிதும் சார்ந்திருப்பதால் களைப்பு, நினைவுத் தடுமாற்றம், சிறுநீர்த் தொல்லை, மனச்சோர்வு ஆகியவை உரிய இடம் பெறுவதில்லை. ஒவ்வொரு வருகையிலும் இவற்றைப் பற்றி யாரேனும் கேட்கிறார்களா என்று கவனியுங்கள்.

மறுமொழி 3 (மஞ்சக்குப்பம்):
உடல் வெப்பம் கூடினால் இந்நோயின் அறிகுறிகள் தற்காலிகமாக மிகும். ஆகவே அக்னி நட்சத்திர நாட்களில் நோயாளியை வெயிலடிக்கும் தாழ்வாரத்தில் இரண்டு மணி நேரம் காக்க வைப்பதும் தரக்குறைவுதான், எந்தப் படிவத்திலும் அதற்குக் கட்டம் இல்லாவிட்டாலும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இந்நோயையும் பட்டியலில் சேர்த்துள்ளது. சான்றிதழ் பெற மருத்துவமனை வழிகாட்டுகிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. அறிகுறி தொடங்கிய நாள் முதலான தேதிகளை இன்றே ஒரு குறிப்பேட்டில் எழுதத் தொடங்குகிறேன்.