உதவி தேவை: நீமோ கார்ட்ரிட்ஜைப் போட்டால் 'கேம் பாய்' என்ற எழுத்தோடு நின்றுவிடுகிறது

சத்துவாச்சாரி அப்பா:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் 'கேம் பாய்' கையடக்க விளையாட்டுக் கருவியில் 'ஃபைண்டிங் நீமோ' கார்ட்ரிட்ஜ் (விளையாட்டு பதிந்த சிறிய பெட்டி) நேற்று மாலை வரை நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. இன்று காலை முதல் 'கேம் பாய்' என்ற பெரிய எழுத்து மட்டும் வந்து அப்படியே நின்றுவிடுகிறது. நான்கைந்து முறை கழற்றி, வாயால் ஊதி மாட்டியும் பயனில்லை. நாளை மாலை என் மகள் தன் மாமாவுடன் ஊருக்குப் புறப்படுகிறாள். அதற்குள் சரிசெய்ய வழியிருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.

காட்பாடிக்காரன்:
எந்த வகைக் கேம் பாய் என்று சொல்லவில்லையே, ஐயா? இரண்டு பென்சில் செல் போடும் 2001-ஆம் ஆண்டு அட்வான்ஸா, மடித்து மூடும் எஸ்.பி.யா? வேறு கார்ட்ரிட்ஜ் இருந்தால் அது ஓடுகிறதா என்பதையும் பார்த்துச் சொல்லுங்கள். இந்த இரண்டும் தெரியாமல் யாரும் உறுதியாக எதுவும் சொல்ல முடியாது.

அணைக்கட்டு வாசகர்:
கருவி எதுவாக இருந்தாலும் காரணம் வெயில்தான் என்பது என் கருத்து. வேலூரில் கத்திரி வெயில் அடிக்கும்போது மொட்டைமாடி அறையில் வைத்த கைபேசியே சூடேறி அணைந்துவிடுகிறது. கார்ட்ரிட்ஜை ஒரு மணி நேரம் மண்பானைக்குப் பக்கத்தில் நிழலில் வைத்துவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள்.

கொசப்பேட்டை குமரன்:
பேட்டரியாக இருக்கலாம். எஸ்.பி.யில் பச்சை விளக்கு சிவப்பாக மாறியிருக்கிறதா? முழுவதுமாக சார்ஜ் ஏற்றிப் பார்த்தீர்களா?

பழங்கருவிப் பெட்டி:
இதே கேள்விக்கு இங்கே பலமுறை விரிவாகப் பதில் எழுதியிருக்கிறேன். கேட்பவர்களும் தேடிப் பார்ப்பதில்லை, பதில் சொல்பவர்களும் படித்துவிட்டுச் சொல்வதில்லை. கருவி இயங்குகிறது, திரை எரிகிறது, பெரிய எழுத்தும் வருகிறது என்னும்போது வெயிலையும் பேட்டரியையும் எதற்காக இழுக்கிறீர்கள்? கார்ட்ரிட்ஜின் தொடக்கத்தில், தயாரிப்பு நிறுவனமான நிண்டெண்டோவின் சின்னம் 156 பைட் தகவலாகப் பதிந்திருக்கிறது. கருவி அதைப் படித்து, தன் உள்ளே இருக்கும் நகலுடன் ஒப்பிட்டு, இரண்டும் ஒத்துப்போனால்தான் கீழே 'நிண்டெண்டோ' என்ற சிறிய எழுத்தைக் காட்டி விளையாட்டைத் தொடங்கும். ஓர் இடத்தில் தவறாகப் படித்தாலும், கார்ட்ரிட்ஜே இல்லாதபோது நிற்பதைப் போல அங்கேயே நின்றுவிடும். கார்ட்ரிட்ஜின் கீழ்வாயில், கருவியைத் தொடும் உலோகப் பட்டைகளான பின்கள் மொத்தம் 32 இருக்கின்றன. அவற்றில் ஏதோ ஒன்று சரியாகத் தொடவில்லை. 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுக் குச்சியில் தொட்டுத் துடையுங்கள். வாயால் ஊதுவதை இன்றோடு விட்டுவிடுங்கள், எச்சில் ஈரம் பின்களை அரித்துவிடும்.

குடியாத்தம் ரேடியோ:
பின்கள்தான் காரணம் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஆல்கஹாலைத் தேடி அலைய வேண்டாம், பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளை ரப்பர் போதும். கணினியின் ரேம் பட்டைகளை இருபது ஆண்டுகளாக ரப்பரால்தான் தேய்த்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன், ஒன்றுகூடக் கெட்டதில்லை.

பழங்கருவிப் பெட்டி:
பின்களின் மேல் இருக்கும் தங்கப் பூச்சு மிக மெல்லியது. ஒவ்வொரு முறை ரப்பர் போடும்போதும் அதில் கொஞ்சம் போகிறது, மிஞ்சும் துகள்கள் கருவியின் உள்ளே விழுகின்றன. இருபது ஆண்டுகள் ஒரு தவற்றைச் செய்தால் அது சரியாகிவிடாது, தம்பி.

குடியாத்தம் ரேடியோ:
எனக்கு வயது ஐம்பத்திரண்டு, ஐயா. ரப்பரை அழுத்தித் தேய்க்கச் சொல்லவில்லை. தூரிகைபோல் இரண்டு முறை இழுத்து, துகளைத் தட்டிவிட்டுத்தான் மாட்ட வேண்டும். வேலை தெரிந்தவனின் கைப்பக்குவத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

காட்பாடிக்காரன்:
ரப்பரா ஆல்கஹாலா என்பதைப் பிறகு பேசிக்கொள்ளலாம், பெரியவர்களே. கேட்டவர் இன்னும் என் கேள்விகளுக்கே பதில் சொல்லவில்லை. அது அசலா நகலா என்பதும் தெரிய வேண்டும்: கார்ட்ரிட்ஜின் கீழ்வாயை வெளிச்சத்தில் பார்த்தால், அசலில் பின்களுக்குச் சற்று மேலே பலகையின் மீது 'நிண்டெண்டோ' என்று அச்சிட்டிருக்கும்.

சத்துவாச்சாரி அப்பா:
தாமதத்திற்கு மன்னிக்கவும். கருவி எஸ்.பி.; விளக்கு பச்சையாகவே இருக்கிறது. வேறொரு கார்ட்ரிட்ஜ் நன்றாக ஓடுகிறது. நீங்கள் சொன்ன அச்சும் தெரிகிறது. கைபேசி பழுதுபார்க்கும் கடையில் இருந்து 99 சதவீத ஆல்கஹால் வாங்கி வந்து மூன்று முறை துடைத்தேன், பஞ்சில் அழுக்கே வரவில்லை, நிலைமையும் மாறவில்லை. விளக்கைப் பிடித்துப் பார்த்தபோது இடது ஓரத்தில் ஏழெட்டுப் பின்களின் மேல் கண்ணாடிபோல் பளபளக்கும் ஒரு படலம் தெரிகிறது. நகத்தால் தொட்டால் கெட்டியாக இருக்கிறது. நேற்று மாலை உறவினர் ஆற்காட்டிலிருந்து, சர்க்கரைப் பாகில் ஊறிய இனிப்பான மக்கன்பேடா வாங்கி வந்திருந்தார். மகள் அதைத் தின்றுகொண்டே கார்ட்ரிட்ஜை மாற்றியதாக இப்போதுதான் சொல்கிறாள். இதற்கும் அதற்கும் தொடர்பு இருக்குமா?

காட்பாடிக்காரன்:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே, ஐயா! அது காய்ந்துபோன சர்க்கரைப் பாகு.

பழங்கருவிப் பெட்டி:
99 சதவீதத்தால் இன்னும் பொறுமையாகத் துடைத்தால் போய்விடும். அவசரப்பட்டால் எந்த வேலையும் நடக்காது.

தோட்டப்பாளையம் மருந்துக்கடை:
இந்த இடத்தில் ஐயாவின் கருத்தோடு நான் உடன்படவில்லை. சர்க்கரை தண்ணீரில் கரையும், சுத்தமான ஆல்கஹாலில் ஏறக்குறைய கரையவே கரையாது. எண்ணெய்ப் பிசுக்காக இருந்தால் 99 சதவீதம் சிறந்தது. பாகுக்கு எத்தனை முறை துடைத்தாலும் அது மேலே வழுக்கிக்கொண்டு போகும். ஊசி போடுவதற்கு முன்பு தோலில் தேய்க்கும் சிறு பொட்டலப் பஞ்சு, நம் ஊரில் எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கும். அதில் இருப்பது 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், மீதி பெரும்பாலும் தண்ணீர்தான். அந்தத் தண்ணீர் பாகைக் கரைக்கும், ஆல்கஹால் ஈரத்தைச் சீக்கிரம் உலர்த்தும். ஒரு பஞ்சைப் பிரித்து, படலத்தின் மேல் அரை நிமிடம் அழுத்தி வைத்து ஊறவிட்டு, பிறகு பின்களின் நீளவாக்கில் இழுத்துத் துடையுங்கள். பஞ்சில் பிசுபிசுப்பு ஒட்டாமல் போகும்வரை புதுப் பஞ்சு மாற்றுங்கள். கடைசியாக நீங்கள் வாங்கிய 99 சதவீதத்தால் ஒருமுறை துடைத்து, மின்விசிறிக்குக் கீழே அரை மணி நேரம் உலரவிட்ட பிறகே கருவியில் போட வேண்டும்.

குடியாத்தம் ரேடியோ:
சகோதரர் சொல்வது சரி. பாகின் மேல் ரப்பர் போட்டிருந்தால் அது உருண்டு பின்களுக்கு நடுவே அடைந்திருக்கும். இந்தப் பழுதுக்கு என் யோசனையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

பழங்கருவிப் பெட்டி:
70 சதவீதத்தில் தண்ணீர் இருக்கிறது என்பதற்காகத்தான் அதை வேண்டாம் என்று எப்போதும் சொல்லிவந்தேன். முழுமையாக உலர்த்துவதானால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

சத்துவாச்சாரி அப்பா:
நான்கு பஞ்சு ஆயிற்று. முதல் இரண்டும் ஒட்டின. சிறிய எழுத்து வந்துவிட்டது, விளையாட்டும் ஓடுகிறது. அனைவருக்கும் நன்றி.

தோட்டப்பாளையம் மருந்துக்கடை:
மகிழ்ச்சி. பாகு பட்ட கார்ட்ரிட்ஜை நான்கைந்து முறை கழற்றி மாட்டியதாக எழுதியிருந்தீர்கள் என்பதால், கருவியின் உள்ளே இருக்கும் தொடுமுனைகளிலும் அது ஒட்டியிருக்கக்கூடும். அவற்றையும் துடைத்தீர்களா?

காட்பாடிக்காரன்:
நானும் அதையே கேட்க நினைத்தேன். கருவியை அணைத்து பேட்டரியைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே துடைக்க வேண்டும். ஐயா, இருக்கிறீர்களா?