தலைப்பு பலித்திருந்தால்?

பழையபேப்பர்:
ஒரு விளையாட்டு. பழைய செய்தித்தாளில் ஒரு தலைப்பை எடுங்க, அது சொன்னபடியே நடந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு சொல்லுங்க. நானே ஆரம்பிக்கிறேன். 1903 அக்டோபர் 9, நியூயார்க் டைம்ஸ் தலையங்கம்: ‘பறக்காத பறக்கும் இயந்திரங்கள்’. மனுஷன் பறக்க 10 லட்சத்திலிருந்து 1 கோடி வருஷம் வரை ஆகலாமாம். சரியா 69வது நாள், டிசம்பர் 17, ரைட் சகோதரர்கள் 12 விநாடி பறந்து காட்டிட்டாங்க. அவங்க மட்டும் அந்தத் தலையங்கத்தை மதிச்சிருந்தா? விமான நிலையத்துல இன்னைக்கும் ஒரே அறிவிப்புதான்: “பயணிகளின் கனிவான கவனத்திற்கு, இந்த விமானம் 1 கோடி ஆண்டுகள் தாமதமாகப் புறப்படும்.” பெட்டி மட்டும் அப்பவும் வேற ஊருக்குப் போயிருக்கும்.

நடுப்பக்கம்:
சிரிப்பு வருது, ஒத்துக்கறேன். ஆனா இது மேட்ச் முடிஞ்சப்புறம் ஹைலைட்ஸ் பார்த்துட்டு ‘அந்தப் பந்தைத் தொட்டிருக்கவே கூடாது’ன்னு சொல்ற ஞானம். அந்தத் தலையங்கம் வர்றதுக்கு ரெண்டு நாள் முன்னாடி, அக்டோபர் 7ஆம் தேதி, அமெரிக்க விஞ்ஞானி லாங்லியோட பறக்கும் இயந்திரம் வாஷிங்டன் பக்கத்துல பொட்டோமாக் ஆத்துல விழுந்துச்சு. ராணுவத் துறை கொடுத்த 50,000 டாலர் அதுல போயிருந்தது. அதைப் பார்த்துட்டு வந்து உட்கார்ந்த மனுஷன் வேற என்ன எழுதுவான்?

பழையபேப்பர்:
‘விழுந்துடுச்சு’ன்னு எழுதலாமே சார்! 1 கோடி வருஷம்னு எண்ணச் சொன்னது யாரு? அதுவும் 10 லட்சத்துக்கும் 1 கோடிக்கும் நடுவுல 90 லட்சம் வருஷம் இடைவெளி. பிளம்பர்கூட ‘காலையிலிருந்து சாயங்காலத்துக்குள்ள வந்துடறேன்’னுதான் சொல்வார்.

ராக்கெட்வால்:
அதே பேப்பர், 1920 ஜனவரி. ராக்கெட்ட நிலவுக்கே அனுப்பலாம்னு அமெரிக்க ராக்கெட் விஞ்ஞானி கோடார்ட் சொன்னதுக்கு ஒரு தலையங்கம். வெற்றிடத்துல உந்தித் தள்ள எதுவும் இல்லையே, பள்ளிக்கூடத்துல சொல்லித் தர்ற பாடம்கூட இவருக்குத் தெரியலையேன்னு கிண்டல். 49 வருஷம் கழிச்சு, 1969 ஜூலை 17ல, ‘தவறுக்கு வருந்துகிறோம்’னு திருத்தம் போட்டாங்க. தேதியக் கவனிங்க. அப்போலோ 11 கிளம்பினது 16ஆம் தேதி. மூணு பேர் நிலவுக்குப் பாதையில போய்க்கிட்டிருக்காங்க, இங்க அப்பத்தான் அனுமதி கிடைக்குது. அந்தத் திருத்தம் அச்சுல விட்டுப்போயிருந்தா நடுவானத்துல வண்டி நின்னிருக்கும், ஆம்ஸ்ட்ராங் இறங்கித் தள்ளியிருப்பார். அதுவும் முடியாது, காலை ஊன்ற அங்க எதுவும் இல்லையே!

இதுல உச்சம் என்னன்னா, 17ஆம் நூற்றாண்டுல நியூட்டன் சொன்னது உறுதியாயிருக்கு, வெற்றிடத்துலயும் ராக்கெட் ஓடும்னும் அந்தத் திருத்தத்துல எழுதியிருந்தாங்க. பாவம், அதுவரைக்கும் நியூட்டன் காத்திருப்போர் பட்டியல்ல இருந்திருக்கார். கோடார்ட் 1945லேயே போய்ட்டார்.

நடுப்பக்கம்:
49 வருஷம் கழிச்சாவது திருத்துனாங்களே. நம்மில் எத்தனை பேர் நேத்து ஃபார்வர்டு பண்ணின பொய்யை இன்னைக்குத் திருத்துறோம்?

நீங்க அடுத்து எங்க வருவீங்கன்னு தெரியும், நானே சொல்லிடறேன். 1948, அமெரிக்க அதிபர் தேர்தல், சிகாகோ டெய்லி ட்ரிப்யூன், ‘டூயி ட்ரூமனைத் தோற்கடித்தார்’. ஜெயிச்சது ட்ரூமன். அந்தப் பேப்பரைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு அவர் வாயெல்லாம் பல்லா நிக்கிற படம் எல்லாரும் பார்த்ததுதான். ஆனா படத்துல தெரியாதது ஒண்ணு இருக்கு. அந்தப் பேப்பர்ல அச்சுத் தொழிலாளர் வேலைநிறுத்தம். எழுத்துக் கோக்க ஆள் இல்லாம, டைப் அடிச்சு, அதைப் படம் பிடிச்சு, தகடு செஞ்சு அச்சுக்கு விட்டாங்க. அதனால வழக்கத்தைவிடப் பல மணி நேரம் முன்னாடியே பக்கத்தை முடிக்க வேண்டிய கட்டாயம். ஓட்டு எண்ணிக்கிட்டிருக்கும்போதே தலைப்பு தயாராகணும். நீங்களா இருந்தா என்ன வச்சிருப்பீங்க?

பழையபேப்பர்:
‘இழுபறி’. ஒரே வார்த்தை. அச்சுக்கோக்கவும் சுலபம்.

காக்காமூக்கு:
குறுக்க வர்றேன், மன்னிக்கணும். அது சுமார் 1,50,000 பிரதி வெளிய போயிடுச்சு. அதுல ஒண்ணை மட்டும் வாங்கிப் படிச்சுட்டு, அப்புறம் பேப்பரே தொடாத ஒரு பெரியவரை நினைச்சுப் பார்க்கிறேன். நாலு வருஷமும் ‘இந்த டூயி வந்ததுலேருந்து நாடே கெட்டுப்போச்சு’ன்னு திண்ணையில உட்கார்ந்து திட்டியிருப்பார். பக்கத்துல இருந்தவர் டூயிக்கு வக்காலத்து வாங்கியிருப்பார். ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தையே நின்னிருக்கும்.

என் பங்குக்கு 1910, ஹாலி வால்நட்சத்திரம். வால்ல சயனோஜன்ங்கிற விஷ வாயு இருக்குன்னு கண்டுபிடிச்சாங்க. மே மாசம் பூமி அந்த வாலுக்குள்ள புகுந்து போகும்னு கணக்கு. பிரெஞ்சு வானியலாளர் ஃபிளமாரியோன், உயிரினமே பூண்டோட அழிஞ்சாலும் அழியலாம்னு சொன்னதாப் பேப்பர்ல வந்துச்சு. சாவித் துவாரத்தையெல்லாம் அடைச்சுக்கிட்டு உட்கார்ந்தவங்க உண்டு. அந்த விஷத்துலேருந்து காப்பாத்தும்னு வால்நட்சத்திர மாத்திரை வித்தவங்களும் உண்டு. எனக்கு அந்த மாத்திரை வியாபாரிமேலதான் பொறாமை. வாங்கின ஒருத்தர்கூட செத்துப்போய்த் திரும்பி வந்து ‘வேலை செய்யல, காசைக் கொடு’ன்னு கேட்க முடியாது. பிழைச்சவங்க எல்லாரும் அவருக்கு விளம்பரம்.

நடுப்பக்கம்:
மத்த வானியலாளர்கள் பெரும்பாலும் அதை ஏத்துக்கலை. அந்த வால் அவ்வளவு மெல்லிசு, ஒண்ணும் ஆகாதுன்னுதான் சொன்னாங்க. ‘ஒண்ணும் ஆகாது’ன்னு தலைப்பு வச்சா யார் காசு கொடுத்து வாங்குவாங்க? நீங்க வாங்குவீங்களா? பேப்பர்காரனை மட்டும் கூண்டுல ஏத்தாதீங்க, வாங்கினவனையும் ஏத்துங்க.

பழையபேப்பர்:
இது சரியான அடி. வாங்கிக்கறேன்.

நடுப்பக்கம்:
இன்னொண்ணு. யாரும் கிண்டல் பண்ண முடியாத செய்தி ஒண்ணு இருக்கு. 1930 ஏப்ரல் 18, புனித வெள்ளி. பிபிசி வானொலியில சாயங்காலச் செய்தி நேரம். அறிவிப்பாளர் வந்தார், ‘செய்தி எதுவும் இல்லை’ன்னார். மீதி நேரத்துக்குப் பியானோ. கற்பனை இல்ல, ஜோசியம் இல்ல, 1 கோடி வருஷம் இல்ல. எதை வச்சுச் சிரிப்பீங்க?

ராக்கெட்வால்:
தேதியத் திரும்பச் சொல்லுங்க?

நடுப்பக்கம்:
1930 ஏப்ரல் 18.

ராக்கெட்வால்:
அன்னைக்கு ராத்திரி 10 மணி வாக்குலதான் வங்காளப் புரட்சியாளர் சூர்யா சென்னும் கூட்டாளிகளும் சிட்டகாங்ல (இப்ப வங்கதேசம்) ஆங்கிலேயர் ஆயுதக் கிடங்கைத் தாக்கினாங்க. இங்க ராத்திரின்னா லண்டன்ல இன்னும் பொழுதுகூடச் சாயலை. உங்க ஆள் மைக் முன்னாடி வந்து நின்னப்ப கிடங்கு எரிஞ்சு சில மணி நேரம் ஆயிருந்தது.

நடுப்பக்கம்:
தந்திக் கம்பியை அறுத்துட்டுத்தானே தாக்கினாங்க! லண்டனுக்கு எப்படிய்யா தெரியும்?

பழையபேப்பர்:
அந்தப் பியானோவை இப்பக் கொஞ்சம் வாசிக்கச் சொல்லுங்க சார்.